மேற்குப் பார்த்த அப்பா

1980 ஆகஸ்ட் 3, ஞாயிறு

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்துவிட்டது. ரத வீதியில் இன்னும் பலூன் கிழிசலும் உடைந்த வளையலும் கிடக்கின்றன. கடையைச் சுத்தம் பண்ணி ஒதுங்கவைத்தபோது கிடைத்தது என்று அப்பா இந்த டைரியைக் கொடுத்தார். எங்கள் கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிறது. நோட்டு, பேனா, மை, குடை விற்கிறோம். ஏழு மாதம் கழிந்த டைரியை இனி யார் வாங்குவார்கள்?

"முன்பக்கம் எல்லாம் வெறுமையா இருக்கே அப்பா."

"அதுல நீ என்ன செஞ்சேன்னு ஆண்டவருக்குத் தெரியும். மிச்சத்தை மட்டும் எழுது மக்கா."

நேற்று அப்பா புளியங்குடியில் பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பி, கரிவலம்வந்தநல்லூரில் போய் இறங்கியிருக்கிறார். பஸ் மாறி ஏறிவிட்டார். இது முதல் தடவை இல்லை. அம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "கல்யாணம் ஆன நாள்லருந்து போற ஊரு. பஸ் வடக்க திரும்பும்போதாவது தெரிய வேண்டாமா?"

"பஸ்ஸு திரும்பினா நானும் கூடத்தான திரும்புதேன் பூரணம்? எனக்கு எப்படித் தெரியும்?"

இன்று எங்கள் வேதக்கோயிலில் போதகர் ஐயர், இயேசு ஆண்டவருடைய வருகையைப் பற்றிப் பிரசங்கித்தார். மேகங்கள்மேல் வருவார், எக்காளம் தொனிக்கும், மரித்தவர்கள் முதலில் எழும்புவார்கள். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உள்ளங்கை குளிர்ந்துவிடுகிறது. அம்மா தினமும் ராத்திரி ஜெபத்தை "சீக்கிரம் வாரும் ஆண்டவரே" என்றுதான் முடிப்பாள். பால் பொங்கி வழிந்தாலும் அதையே சொல்வாள், கடன் வாங்கினவனை நெருக்குகிற மாதிரி.

எனக்கு அந்த நினைப்பு வருவது கரண்ட் போகும்போது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. பகலெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளேதான் பேசுகிறோம், படிக்கிறோம். கரண்ட் போனதும் அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். காக்கை றெக்கை அடிப்பதுகூடக் கேட்கும். அப்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். இப்போதுதானோ?

ஆகஸ்ட் 11, திங்கள்

என் பக்கத்து பெஞ்சு கோமதித்தாய் ஆடித்தபசுக் கதையைச் சொன்னாள். சங்கரனும் நாராயணனும் ஒன்றாகக் காட்சி தரவேண்டும் என்று அம்மன் தவம் நின்றதாம். நான் வருகையைப் பற்றிச் சொன்னேன். அவள் கையில் இருந்த நெல்லிக்காயைக் கடிக்காமல் கேட்டாள்.

"எங்க அம்மனுக்குக் காட்சி கெடைச்சிட்டு. உங்களுக்கு எப்ப ஏட்டி?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது."

"தெரியாமலேயா இத்தனை வருசம் நிக்கீக?" கேலியாகக் கேட்கவில்லை. கண்ணை விரித்துத்தான் கேட்டாள். ஆமாம், தெரியாமலேதான் நிற்கிறோம். எழுதிப் பார்க்கும்போது எனக்கே பிரமிப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சபையில் ஒரு வயதானவரை அடக்கம் பண்ணினார்கள். அப்பா, அம்மாவோடு நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பெட்டியை மேற்கு வாசல் வழியாகக் கால்மாடு முன்னே வரக் கொண்டுவந்து, அப்படியே நேராகக் குழியில் இறக்கினார்கள். தலை மேற்கே, கால் கிழக்கே. ஏன் அப்படி என்று கேட்டேன்.

அம்மா சொன்னாள்: "ஆண்டவர் கெழக்கருந்துதான் வருவாரு. எழும்பி உக்காந்ததும் நேரா அவரு முகம் தெரியணும்லா?"

திரும்பிப் பார்த்தேன். எல்லாக் கல்லறையும் ஒரே திசை. இத்தனை பேரும் ஒரு நாள், ஒரே நொடியில், போர்வையை விலக்குகிற மாதிரி மண்ணை விலக்கி எழுந்து உட்கார்ந்து ஒரே பக்கம் பார்ப்பார்கள்! நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"அந்நேரம் வெயில் கண்ணுல அடிக்காதா?" என்று அப்பா கேட்டார். அம்மா அவர் முழங்கையில் கிள்ளினாள்.

நவம்பர் 18, செவ்வாய்

விடாத மழை. பள்ளிக்கூடம் இல்லை. குளம் நிரம்பி மறுகால் போகிறதாம். கடையில் குடை எல்லாம் விற்றுவிட்டது. அப்பா மட்டும் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். தன் குடையையும் யாருக்கோ விற்றுவிட்டாராம்.

நவம்பர் 21, வெள்ளி

அப்பா போயிட்டாங்க.

நவம்பர் 30, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நடக்காத மாதிரியே இருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அடக்கம். மழை நிற்கவே இல்லை. பெரியப்பா ஜெயசிங்தான் எல்லாவற்றையும் நின்று நடத்தினார். பாதையெல்லாம் தண்ணீர், பெண்கள் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்தோம். தறி எல்லாம் நிறுத்தியிருந்தார்கள்.

அம்மா அழுதாள், ஆனால் இடிந்துபோகவில்லை. ராத்திரி ஜெபத்தில் எப்போதும் சொல்வதைச் சொன்னாள். "சீக்கிரம் வாரும் ஆண்டவரே." இப்போது அதில் அவசரம் இருக்கிறது. அவர் வந்தால் அப்பாவும் வருவார்.

டிசம்பர் 25, வியாழன்

கோயிலுக்குப் போனோம். வந்தோம்.

1981 பிப்ரவரி 7, சனி



மண் இறங்கிவிட்டது, கல்லறை கட்டலாம் என்று கொத்தனார் சங்கரசுப்பு சொல்லியிருந்தார். அம்மாவும் நானும் போனோம். குழி வெட்டுகிற இசக்கிப்பாண்டியும் மேடு தட்ட வந்திருந்தார். கொத்தனார் கயிறு பிடித்து அளந்துகொண்டே கேட்டார்.

"சிலுவை தலைமாட்டுலதான் நிக்கணும். தலை எந்தப் பக்கம்மா?"

"இது என்ன கேள்வி? மேக்கதான்."

இசக்கிப்பாண்டி மண்வெட்டியை ஊன்றினார். "இல்லம்மா. ஐயாவுக்குத் தலை கெழக்க."

அம்மா சிரித்தேவிட்டாள். "அன்னைக்கு நீரு குடிச்சிருந்தீரோ?"

"குளிருக்குக் கொஞ்சம் குடிச்சிருந்தேன், அது வேற. ஆனா குழிக்குள்ள தண்ணியில நின்னு தலைமாட்டை வாங்குனது நான்தான். அந்தா அந்த வேப்பமரம் எம் முதுகுப் பக்கம் இருந்துச்சு."

வேப்பமரம் கிழக்கு வேலியோரம் நிற்கிறது.

பிறகு அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று மேற்கு வாசலில் இடுப்பளவு மறுகால் தண்ணீர். அதனால் கிழக்கே முள்வேலியைப் பிரித்து அந்த வழியாகப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். எப்போதும் போலக் கால்மாடு முன்னே. வந்த வாக்கிலேயே இறக்கிவிட்டார்கள். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது, பெரியப்பா "எறக்குங்க, எறக்குங்க" என்று சத்தம் போட்டார், ஐயர் குடைக்குள் ஜெபப்புத்தகத்தை நனையாமல் பிடிக்கப் பாடுபட்டார். பெட்டியைத் திருப்பவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அம்மா மேட்டைப் பார்த்தாள். வேப்பமரத்தைப் பார்த்தாள்.

"அப்போ எழும்பினா அவுக மேக்கயா பாப்பாக?"

கொத்தனார் கயிற்றைச் சுருட்டினார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று ராத்திரி ஜெபத்தில் அம்மா கடைசி வரிக்கு வந்து நின்றுவிட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தேன்.

"ஆண்டவரே... கொஞ்சம் பொறும். இப்ப வராதேயும்."

இப்படி யாராவது ஜெபம் பண்ணியிருப்பார்களா? உலகம் முழுக்க மண்ணுக்குள் படுத்திருக்கிறவர்கள் அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக் கிடக்கிறார்கள். மேலே எக்காளத்தை வாயருகே வைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவிலில் ஒரு தறித் தெருவிலிருந்து எங்கள் அம்மா கையை நீட்டி "பொறும்" என்கிறாள். அவர் கேட்பாரா? கேட்டுவிட்டால்?

பிப்ரவரி 12, வியாழன்

கோமதித்தாயிடம் மட்டும் சொன்னேன். "எங்க வீடுகள்ல எரிச்சிருவாக, இந்தத் தொந்தரவே கெடையாது" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, உங்கப்பா என்கிட்ட பேனா வித்தாருல்லா... முள்ளை மாட்டும்போதும் தலைகீழாத்தான் மாட்டுனாரு." இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஐயர் வீட்டுக்கு வந்தார். அம்மா காபியைக் கொடுத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்: தோண்டித் திருப்பி வைக்க வேண்டும்.

"கடல்ல மூழ்கிப் போனவங்களும் இருக்காங்களேம்மா? அவங்களுக்கு ஏது கெழக்கு, மேக்கு? அவரு கூப்பிடுத சத்தம் கேட்டா யாருந் திரும்பத்தானே செய்வாங்க?"

எனக்கு அந்தப் பதில் பெரிதாக, அழகாக இருந்தது. நீலத் தண்ணீரின் அடியிலிருந்து ஆயிரமாயிரம் முகங்கள் மேலே நிமிர்வதைப் பார்த்தேன்.

அம்மா பார்க்கவில்லை. "மத்தவுக திரும்புவாக ஐயரே. இவுகளை அடுப்படியிலருந்து கூப்பிட்டா வாசலுக்குப் போயி எட்டிப் பாப்பாக."

ஐயர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்காததைக் கண்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத்தனை கூட்டம் இருக்கும். எல்லாரும் ஒரு பக்கமாப் போவாக. இவுக மட்டும் 'இங்கன ஒருத்தரையும் காணுமே'ன்னு மேக்க நடந்துகிட்டே இருப்பாக. நான் எங்கன போயித் தேட? சந்தோசமா நான் மட்டும் ஏறிப் போகவா?"

ஐயர் மிச்சக் காபியைக் குடிக்காமலே எழுந்தார். போகும்போது, சர்க்கார் அனுமதி வேண்டும், எழுதிப் பார்க்கிறேன் என்றார்.

பிப்ரவரி 19, வியாழன்

பூகோள டீச்சரிடம் உலக உருண்டையை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். எந்த நொடியிலும் பூமியில் எங்கேயோ விடிந்துகொண்டேதான் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து நான் வேறு எதையும் நினைக்கவில்லை. நாங்கள் தூங்கும்போதும் ஏதோ ஒரு தீவில் கிழக்கு வெளுக்கிறது. அவர் வருவதற்கு வாசல் ஒருபோதும் மூடுவதே இல்லை!

உருண்டையை அம்மாவுக்குச் சுழற்றிக் காட்டினேன். "பாரும்மா, மேக்க போய்க்கிட்டே இருந்தா கடைசியில கெழக்குக்குத்தான் வந்து சேரணும். அப்பா எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுதான்."

அம்மா உருண்டையில் கடலைத் தடவிப் பார்த்தாள். "இம்புட்டுத் தண்ணியையும் கடந்து சுத்தி வரணுமா ஏட்டி? அவுக சுத்துனது போதாதா?"

பிப்ரவரி 22, ஞாயிறு

பெரியப்பா ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அவருக்குப் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை ஏலக்கடை. அதட்டித்தான் பேசுவார். "செத்தவனைத் தோண்டுததாவது. ஊரு சிரிக்கும்" என்று ஆரம்பித்தார்.

அம்மா பழத்தைக் கழுவி அடுக்கினாள்.

திடீரென்று பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "நான்தான் பூரணம் அவசரப்பட்டேன். தண்ணிக்குள்ள தம்பியை எறக்கணுமேன்னு மனசு ஆறல. சீக்கிரம் மூடிட்டாப் போதும்னு ஆயிட்டு."

"நீங்க என்ன செய்வீக அத்தான்."

"தோண்டிருவோம். அனுமதி வாங்குதது எம் பொறுப்பு."

மார்ச் 5, வியாழன்

சாயங்காலம் கோடை மழைக்கு மேகம் கூடியது. நான் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கிழக்கே ஒரு மின்னல். சாதாரண மின்னல் இல்லை, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வானத்தையே கிழித்துக்கொண்டு போனது. கரண்ட் போயிற்று. தறி எல்லாம் நின்றது.

வெளியே ஓடினேன். அம்மா கொடிக்கம்பியின் கீழே, ஈரத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்து நின்றாள்.

"இன்னும் ஆகல. இன்னும் ஆகல ஆண்டவரே. அனுமதி வரல."

ஒரு பெண் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட ராஜாவிடம், வீடு இன்னும் கூட்டவில்லை என்று சொல்கிற மாதிரி. எனக்குப் பயமாகவும் இருந்தது, முழங்கால் போடவேண்டும் போலவும் இருந்தது. இவ்வளவு நிச்சயமாக நான் எதையாவது நம்புகிறேனா? நான் புத்தகத்தில் படித்து ஆச்சரியப்படுகிறேன். அம்மாவுக்கு அது அடுத்த வீட்டுக்காரர் வருகிற மாதிரி.

மழை வந்தது. வெறும் மழை.

மார்ச் 14, சனி

அனுமதி வந்துவிட்டது. திங்கட்கிழமை தோண்டுவது என்று பெரியப்பா சொல்லி அனுப்பினார். இசக்கிப்பாண்டியிடம் சொல்ல அம்மாவும் நானும் போனோம். அவர் வேப்பமரத்தடியில் சோற்றுத்தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"என்ன இசக்கிப்பாண்டி? கூலி கூடக் கேக்கீரா?"

"கூலியில என்னம்மா இருக்கு. ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கக் கூடாது. அது பூரா தண்ணி நின்ன குழி. பலகை இத்துப்போயிருக்கும். பெட்டியோட தூக்கித் திருப்பலாம்னு நீங்க நெனைக்கீக." நிறுத்தினார். "தூக்க முடியாதும்மா. அள்ளித்தான் வைக்கணும்."

"அள்ளியா?" என்றாள் அம்மா.

அவர் தூக்கை மூடினார்.

திரும்பும்போது அம்மா பஸ் ஸ்டாண்டில், பூட்டிக் கிடக்கிற எங்கள் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "வேண்டாம்னு பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பு. அவுக உடம்பை அள்ள விடமாட்டேன்."

ராத்திரி ஜெபத்தில் "வாரும்" என்றும் சொல்லவில்லை, "பொறும்" என்றும் சொல்லவில்லை. ஆமென் என்றுகூடச் சொல்லவில்லை. பாதியில் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

அம்மா கோயிலுக்கு வரவில்லை. தலைவலி என்று சொல்லச் சொன்னாள்.

ஏப்ரல் 4, சனி

பொதுப் பரீட்சை நடக்கிறது. விஞ்ஞானத்தில் எல்லாம் எழுதினேன். வீட்டில் ஒரு கேள்விக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

குருத்தோலைப் பவனி எங்கள் தெரு வழியாகப் போனது. அம்மா ஜன்னல் கதவைச் சாத்தினாள். அப்புறம் கொஞ்சம் திறந்து பார்த்தாள்.

எது வந்தாலும் எனக்குச் சம்மதம் ஆண்டவரே, அம்மா உம்மைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதை மட்டும் தாங்க முடியவில்லை. அப்பா தெரியாமல் மேற்கே பார்க்கிறார். இவள் தெரிந்தே பார்க்கிறாள்.

ஏப்ரல் 18, சனி

நாளைக்கு ஈஸ்டர். விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. நான் மட்டும் பக்கத்து வீட்டாரோடு போவதாக இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று கேட்டாள்.

"அப்பாவுக்கு மேக்க, கால்மாட்டுல, யாரு கெடக்கா?"

யோசித்தேன். "யாரும் இல்லை. புல்லுதான் கிடக்கு."

"நல்லாப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேம்மா."

மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். காலையில் தன்னையும் எழுப்பிவிடச் சொன்னாள்.

ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு

எழுதக் கை போதவில்லை.

இருட்டிலேயே போனோம். தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. ஒவ்வொரு கல்லறையிலும் குடும்பத்தோடு நின்றார்கள், எல்லாரும் கிழக்கே பார்த்து. யார் யார் என்று முகம் தெரியவில்லை. படுத்திருந்தவர்கள்தான் எழுந்து நிற்கிறார்களோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

அம்மா நேராக ஐயரிடம் போனாள். அவர் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயரே, எனக்கு ஒரு இடம் வேணும்."

"எந்த இடம்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு மேக்க, கால்மாட்டை ஒட்டி. தலை மேக்க, கால் கெழக்க. எல்லாரையும் மாதிரிதான், புதுசா ஒண்ணும் கேக்கல. வேற ஆருக்கும் குடுத்திராதீக."

ஐயருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும்தான்.

"பக்கத்துல வச்சா அவுக என்னைக் காணமாட்டாக ஐயரே. அவுக மேக்க பாத்து எழும்புவாக. நான் கெழக்க பாத்து எழும்புவேன். எதிர எதிர இருப்போம்லா? முழிச்சதும் நான்தான் தெரிவேன். திரும்புங்கன்னு ஒரு சொல் சொன்னாப் போதும். நான் சொன்னாக் கேப்பாக."

அங்கியில் ஒரு கை நுழைத்தபடியே ஐயர் நின்றார். மறு கை அப்படியே தொங்கியது. "வேற ஆருக்கும் குடுக்கமாட்டேன்" என்றார்.

பாட்டு தொடங்கியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். மேட்டுக்கு மேற்கே, புல்தரையில், கால் நீட்டி உட்கார்ந்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்து, பிறகு விலக்கிவிட்டாள்.

"நீ அப்பா தலைமாட்டுல போயி நில்லு. மேக்க பாரு."

"எல்லாரும் பாக்காகம்மா."

"பாக்கட்டும். நில்லு."

நின்றேன். அந்தத் தோட்டம் முழுவதும் கிழக்கே பார்க்க, நான் ஒருத்திதான் மேற்கே.

"நேராத் தெரியுதேனா? ஆரு தலையும் மறைக்கல்லியே?"

"நேராத் தெரியுதம்மா."

ஆனால் முகம் இன்னும் தெரியவில்லை. அம்மா ஒரு கறுப்புக் குவியல், அவ்வளவுதான். பின்னால் பாட்டு உயர்ந்தது. என் முதுகுக்குப் பின்னே மெல்ல விடியத் தொடங்கியது. திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து துடித்தது. திரும்பவில்லை. அப்பா இங்கேயிருந்து என்ன பார்ப்பார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவின் நெற்றி வெளுத்தது. பிறகு மூக்கு, கன்னம், வாய். எனக்குப் பின்னால் என்ன வந்துகொண்டிருந்ததோ அதை அவள் கண் கூசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் வெளிச்சம் முழுக்க அவள் முகத்தில் இருந்தது.